கன்றைப் பிரிக்கும் வேளையும் மாடு வளர்க்கும் குடும்பமும்

கால்நடை வளர்ப்பைப் பற்றிய அரசாங்க வெளியீடுகளில் ‘பால் மறக்கச் செய்தல்’ என்னும் தொடர் அடிக்கடி வருகின்றது. ‘வீனிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக அது வழங்கப்படுகின்றது. ஆனால் மூலத்திலுள்ள அந்த ஒரு சொல் இருவேறு செயல்களைக் குறிப்பதாகும். கன்று பிறந்த அன்றே, தாயின் மடியில் வாய் வைக்குமுன், அதனைப் பிரித்தெடுத்துப் பாத்திரத்தில் பாலூற்றி வளர்ப்பது ஒன்று. மூன்று நான்கு திங்கள் மடியில் ஊட்டி வளர்ந்த கன்றைப் புல்லும் தீவனமும் தின்னப் பழக்கி, சிறுகச் சிறுக மடியை விடச் செய்வது மற்றொன்று. முன்னதில் கன்று பிரிவது தாயை. பின்னதில்தான் அது பிரிவது பாலை. இவ்விரண்டையும் ஒரே தொடரால் குறித்துவிட்டபடியால், முதல் முறைக்குரிய நன்மைகளை இரண்டாம் முறையைக் கையாளும் குடும்பங்களுக்கு எடுத்தோதும் குழப்பம் களத்தில் நிகழ்கின்றது. அறிவுரையைக் கேட்கும் குடும்பத்தார் தலையசைத்து அனுப்பிவிட்டுப் பழைய முறையிலேயே கறந்துகொள்கின்றனர். அவர்கள் அறியாமையால் அவ்வாறு செய்கின்றனர் என்று அறிக்கையில் எழுதப்படுகின்றது.

அது அறியாமையன்று. சொந்த உழைப்பைக் கொண்டு இரண்டு மாடோ இருபது மாடோ வளர்க்கும் குடும்பத்தில், பிறந்தவுடன் கன்றைப் பிரிக்கும் முறையைப் பொதுவிதியாகப் பரப்புவது பொருந்தாது. அங்கே நிலைநாட்ட வேண்டியது வேறு. நாள்தோறும் கறக்கும் பாலில் கன்றுக்கு உரிய பங்கு இன்னதென்று அளந்து, அது தவறாமல் கிடைக்கும்படி செய்வதே முதற்பணி. பிரிப்பது அதன் பின்னர் வர வேண்டிய செய்தி.

இதனை விளங்கிக்கொள்ள, மடியில் பால் இறங்கும் விதத்தை அறிதல் வேண்டும். மடியின் நுண்ணறைகளில் பால் ஊறி நிற்பது ஒரு நிகழ்ச்சி. அது காம்புக்கு இறங்குவது வேறொரு நிகழ்ச்சி. கன்று முட்டிச் சப்பும்போதோ, பழகிய கை மடியைக் கழுவித் தடவும்போதோ, காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதி ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு நீரை இரத்தத்தில் விடுகின்றது. அது மடியை எட்டியதும் நுண்ணறைகளைச் சூழ்ந்துள்ள தசையிழைகள் சுருங்கிப் பாலை வெளித்தள்ளுகின்றன. இதன் விளைவு சில நிமிடங்களே நிற்கும். அச்சமோ வலியோ நேர்ந்தால் அட்ரினலின் சுரந்து இந்நிகழ்ச்சியைத் தடுத்துவிடும். ‘மாடு பாலை எக்கிக்கொண்டது’ என்று தமிழ்நாட்டு உழவர் கூறுவது இந்நிலையைத்தான்.

ஐரோப்பிய இனப் பசுக்கள் பல தலைமுறைகளாகக் கன்றில்லாமல் கறக்கப்பட்டு, அவ்வாறு கறப்பவையாகவே தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவை. வாளியின் ஓசையும் தீவனத்தின் மணமுமே அவற்றிற்குப் பால் இறங்கப் போதுமானவை. இந்தியத் திமிற்பசுக்களும் எருமைகளும் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவையல்ல. கன்றின் வாயும் மணமும் இன்றிப் பால் இறக்க மறுப்பவை அவற்றுள் பல. கன்று இறந்தால் சுரப்பு விரைவில் வற்றிப்போவதும் உண்டு. இறந்த கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துத் தாயின் முன்னே நிறுத்தும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் ஏற்பட்டதற்கு இதுவே காரணம். பசுவின் உள்ளே காற்றூதிப் பால் இறக்கும் ‘பூக்கா’ என்னும் கொடிய வழக்கமும் இதனால்தான் நகரத்து மாட்டுக் கொட்டகைகளில் தோன்றியது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் தன் 12-ஆவது பிரிவில் அதனைக் குற்றமாக்கியது. பின்னாளில் ஆக்ஸிடோசின் ஊசி கடைகளில் கிடைக்கத் தொடங்கியதும் கறவைக்கு முன் அதனைப் போட்டுக் கறக்கும் தீய பழக்கம் பரவியது. விலங்கின் உடல்நலத்தைக் கெடுக்கும் வகையில் பாலுக்காக ஊசி போடுவதும் அதே பிரிவின்கீழ்க் குற்றமே. கன்றைப் பேணாது விட்ட கொட்டகையில்தான் ஊசி புகுகின்றது என்பதைக் களப்பணியாளர் நினைவிற்கொள்வது நலம்.

அரசாங்கப் பண்ணைகளும் ஆராய்ச்சி நிலையங்களும் பிறந்தவுடன் பிரிக்கும் முறையை மேற்கொண்டதற்குத் தக்க காரணங்கள் உண்டு. ஒவ்வொரு பசுவின் பாலையும் துளி தவறாமல் அளந்து பதிவு செய்தாலன்றி எந்தப் பசுவின் வழித்தோன்றலைப் பொலிகாளையாக்குவது என்று முடிவு செய்ய இயலாது. கன்று குடித்த அளவைத் தராசு காட்டாது. கன்று இறந்தாலும் கறவை நிற்பதில்லை. கன்றுக்கு ஊற்றும் பாலும் அளவறிந்து ஊற்றப்படுகின்றது. இவை மெய்யான நன்மைகள். ஆனால் அந்நன்மைகளுக்குப் பின்னே நிற்பவற்றையும் பார்க்க வேண்டும். கன்றுகளுக்கென்று தனிக் கொட்டகை, தனிப் பணியாள், கொதிநீரில் கழுவிய பாத்திரங்கள், எடை பார்க்கும் மேடை, அருகிலேயே மருத்துவர் ஆகியவை பண்ணையில் உள்ளன. இவ்வளவு இருந்தும் நாட்டினப் பசுக்கள் சில கன்றில்லாக் கறவைக்கு இணங்காமல் முன்னதாகவே வற்றிவிடுவதைப் பண்ணைகளே கண்டிருக்கின்றன. முதல் ஈற்றிலிருந்தே பழக்கினால் பல பசுக்கள் இணங்கும். இரண்டு மூன்று முறை கன்றூட்டிக் கறந்த பசு எளிதில் இணங்காது. குடும்பத்தில் இருப்பது பெரும்பாலும் இத்தகைய பசுவே.

பண்ணையின் முறை பண்ணைக்குப் பொருந்துவது போல, குடும்பத்தின் முறையும் தனக்கென்று ஒரு காரணம் உடையது. இதற்குக் குஜராத் மாநிலத்தின் கச்சு மாவட்டத்திலுள்ள பன்னிப் புல்வெளியைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

பன்னி என்பது உவர்நிலத்தை அடுத்துப் பரந்துள்ள ஏறத்தாழ 2,500 சதுரக் கிலோமீட்டர் புல்வெளி. அங்கு வாழும் மால்தாரிகள் கால்நடையையே செல்வமாகக் கொண்டவர்கள். மண்ணால் எழுப்பிய வட்டமான வீடுகளில் வசிக்கின்றனர். உவர்நீரின்மேல் மழைநீர் தங்கி நிற்கும் தாழ்வான இடங்களில் ஊற்றுக்கிணறு தோண்டி நன்னீர் எடுக்கும் அவர்களுடைய திறம் அறிஞர் பலரால் பாராட்டப்பட்டது. முற்காலத்தில் காங்கரேஜ் இன மாடுகளை வளர்த்து உழவுக்காளைகளை விற்றனர். 1961-ஆம் ஆண்டில் உவர் பரவுவதைத் தடுக்கும் நோக்கத்துடன் அங்கே வனத்துறையினர் நட்ட சீமைக் கருவேலம் நாளடைவில் புல்வெளியை ஆக்கிரமித்தது. காளைகளின் தேவையும் குறைந்து, மேய்ச்சலும் மாறியபின், எருமையே முதன்மை பெற்றது. (தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்குச் சீமைக் கருவேலத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.) அவர்களுடைய எருமை 2010-ஆம் ஆண்டில் ‘பன்னி’ என்னும் பெயரால் தனி இனமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எழுதிவைத்த வம்சாவளியின்றி, குடும்பங்களின் நினைவைக்கொண்டே தேர்ந்து வளர்க்கப்பட்ட இனம் அது.

அந்த எருமைகள் மேயும் விதம் புதுமையானது. பகலின் வெயில் கடுமையானபடியால், பொழுது சாய்ந்தபின் மந்தை புல்வெளிக்குப் புறப்படுகின்றது. இரவெல்லாம் மேய்ந்து விடியற்காலையில் தானாகவே குடியிருப்புக்குத் திரும்புகின்றது. ஆஸ்திரேலியாவின் பரந்த பண்ணைகளில் மந்தையைத் திரட்டக் குதிரைகளும் மோட்டார் வண்டிகளும் ஹெலிகாப்டர்களும் தேவைப்படுகின்றன. திரட்டிய கையோடு கன்றுகளைத் தாயினின்றும் பிரித்து வேலிக்குள் அடைத்து, சில நாள் அவை கத்தி ஓய்ந்தபின் மேய்ச்சலுக்கு விடுகின்றனர். அங்கே அது இறைச்சிக்கான வளர்ப்பு, கறவை இல்லை, ஆகவே பால் மறக்கச் செய்தல் ஒரே வாரத்தில் முடியும் வேலை. பன்னியில் மந்தையைத் திரட்டுவது கன்று. வீட்டருகே கட்டிய கன்றையும் ஊறிய மடியின் சுமையையும் நினைந்து தாயெருமை வழியறிந்து வருகின்றது. ஒவ்வோர் எருமைக்கும் பெயருண்டு. பெயர் சொல்லி அழைத்தால் கூட்டத்தினின்று பிரிந்து வரும்.

இக்குடும்பத்தினரிடம் ஒருவர் சென்று, கன்றைப் பிறந்த அன்றே பிரித்துத் தாய்க்கு அதன் நினைவே இல்லாமல் செய்தல் நலம் என்று கூறுவாராயின், அவர் மந்தையைத் திரட்டும் கயிற்றையே அறுக்கச் சொன்னவர் ஆவார். மந்தை தானே திரும்புவதால் இரவுக் காவலுக்கு ஆட்கூலி இல்லை. வேலியில்லை, தீவனச் செலவும் குறைவு. இத்தனை வசதியும் கட்டுத்தறியில் நிற்கும் அக்கன்றைச் சார்ந்தவை. பாலிலே கன்றுக்குக் கொடுக்கும் பகுதி இங்கே செலவன்று. மேய்ப்பனுக்குக் கொடுக்கும் கூலி என்றே கொள்ளலாம்.

ஆனால் பன்னியைக் கண்டு, குடும்பங்கள் யாவும் கன்றை நன்கு பேணுகின்றன என்று முடிவு கட்டிவிடலாகாது. வட மாநிலங்களிலும் பிற இடங்களிலும் வீட்டு முற்றத்தில் ஓரிரு எருமைகளை மட்டும் கட்டி வளர்க்கும் குடும்பங்களில் நிலைமை வேறு. கன்று அங்கே பால் இறக்கும் கருவியாக மட்டும் பயன்படுவது கண்கூடு. சில நொடிகள் காம்பைச் சப்ப விடுகின்றனர். பால் இறங்கியதும் கயிற்றைப் பற்றி இழுத்துத் தாயின் முன்காலருகே கட்டுகின்றனர். ஒட்டக் கறந்தபின் வெறுமடியில் விடுகின்றனர். கன்று முட்டி முட்டிச் சப்பும் காட்சியைக் கண்டு அது குடிக்கின்றது என்று கருதுவோர் ஏமாந்தவரே.

இதற்கு வறுமை மட்டுமே காரணமன்று. பால் விலை நிர்ணயிக்கும் முறையும் ஒரு காரணம். 1946-ஆம் ஆண்டில் ஆனந்த் நகரில் கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவாகி, 1970-ஆம் ஆண்டு முதல் வெண்மைப் புரட்சித் திட்டத்தின் வாயிலாக அம்முறை நாடெங்கும் பரவியபோது, பாலின் கொழுப்பையும் பிற திடப்பொருள்களையும் அளந்து பணம் கொடுக்கும் ஒழுங்கும் உடன் பரவியது. நீர் கலப்பவனுக்கு அதிகமும் நல்ல பால் தருபவனுக்குக் குறைவும் கிடைத்த அநீதியை அது ஒழித்தது. சிற்றூர்ப் பெண்களின் கையில் நாள்தோறும் காசு சேரச் செய்தது. இவற்றை மறுப்பார் இல்லை. ஆயினும் மடியிலிருந்து முதலில் வரும் பால் நீர்த்ததாகவும், கடைசியில் வருவது கொழுப்பு மிக்கதாகவும் இருப்பது இயற்கை. முற்காலத்தில் கறந்தவர் போதும் என்று எழுந்தபின் கன்றுக்கு விட்டது இந்தக் கடைப்பாலையே. கொழுப்புக்கு விலை என்றானவுடன், கடைப்பாலை விடுவது காசை விடுவதாயிற்று. நுகர்வோருக்கு நன்மை செய்த அளவுகோல் கன்றின் பங்கைச் சத்தமில்லாமல் சுருக்கியது. கன்று வளர்ப்புக்கெனத் தீவனத்தை மானிய விலையில் வழங்கும் திட்டங்கள் கேரளத்திலும் சில பால் ஒன்றியங்களிலும் நடைபெறுகின்றன. பால் விலையால் கன்றுக்கு நேர்ந்த இழப்பை ஓரளவு திருப்பிக் கொடுக்கும் முறை என்ற கண்ணோட்டத்தில் அவற்றை ஆதரிக்க வேண்டும். இரக்கத்தின்பேரில் அளிக்கும் உதவியாக அன்று.

காளைக்கன்றின் கதை இன்னும் துயரமானது. 2019-ஆம் ஆண்டின் இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பில் மாட்டினத்தில் பெண் 14.5 கோடியும் ஆண் 4.7 கோடியும் இருந்தன. முந்திய 2012-ஆம் ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் பெண் 18 விழுக்காடு கூடியது. ஆண் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஏரையும் வண்டியையும் டிராக்டர் எடுத்துக்கொண்டபின் காளைக்கன்றுக்குப் பால் விடுவார் குறைந்தனர். எருமைக் கடாக்கன்றின் நிலையும் இதைவிட மேலானதன்று. பாலினம் பிரித்த விந்தைப் பயன்படுத்திக் காளைக்கன்றுகள் பிறப்பதையே குறைக்கும் முயற்சி நடந்து வருகின்றது. பிறந்துவிட்ட கன்றுக்கு அது விடையாகாது.

அப்படியாயின் களப்பணியாளர் குடும்பத்தாரிடம் வற்புறுத்த வேண்டியவை எவை? பத்துச் செய்திகளைச் சொல்லி ஒன்றும் நிறைவேறாமல் திரும்புவதைவிட மூன்றை நிலைநாட்டுவது மேல்.

முதலாவது சீம்பால். பசுவின் கருப்பையிலும் எருமையின் கருப்பையிலும் தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் கன்றுக்குச் செல்வதில்லை. கன்று அவை இன்றியே பிறக்கின்றது. சீம்பாலிலிருந்து அவற்றைக் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும் ஆற்றல் பிறந்த சில மணி நேரத்திற்கே முழுமையாக உண்டு. ஒரு நாள் கழிந்தால் அநேகமாக அற்றுப்போகும். ஆனால் நாட்டின் பல பகுதிகளில், நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியண்டை விடலாகாது என்னும் நம்பிக்கை வேரூன்றியுள்ளது. நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டும் ஆகலாம். அதற்குள் மிக அரிய நேரம் கழிந்துவிடும். மெய்யாக நோக்கின், கன்று சப்பும்போது சுரக்கும் அதே ஆக்ஸிடோசின் கருப்பையையும் சுருங்கச் செய்து நஞ்சுக்கொடி விழுவதற்குத் துணை செய்கின்றது. வீட்டு மூதாட்டியிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் அவர் இணங்குவார். ‘மூடநம்பிக்கை’ என்று சொன்னால் இணங்கார்.

இரண்டாவது குடற்புழு. எருமைக்கன்று இரண்டாம் வாரத்திலேயே புழுவால் துன்புறுவது ஏன் என்று பலர் வியப்பர். அது மண்ணைத் தின்றதனால் வந்ததென்று கூறுவர். டாக்ஸோகேரா விட்டுலோரம் என்னும் உருண்டைப் புழுவின் இளம்பருவங்கள் தாயின் உடற்றசைகளில் உறங்கிக் கிடந்து, கன்று ஈன்றபின் பாலின் வழியே கன்றை அடைகின்றன. மூன்றாம் வாரத்தில் அவை முட்டையிடும் பருவம் எய்துகின்றன. ஆதலின் பத்தாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையே மருத்துவரின் அறிவுரைப்படி பைப்பரஸீன் போன்ற மருந்தொன்றைக் கொடுத்தல் வேண்டும். வயிறு பருத்து, உரோமம் சிலிர்த்து, களிமண் நிறத்தில் கழிச்சல் கண்டபின் கொடுக்கும் மருந்து காலங்கடந்த மருந்து. பாலில் புழு வருகின்றது என்றதும் பாலையே நிறுத்திவிடும் குடும்பங்களும் உண்டாதலால், இதனை எடுத்துரைக்கும்போது எச்சரிக்கை தேவை.

மூன்றாவதுதான் பங்கு. முதல் திங்களில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கும், இரண்டாம் திங்களில் பதினைந்தில் ஒரு பங்கும், மூன்றாம் திங்களில் இருபதில் ஒரு பங்கும் நாளொன்றுக்குப் பால் தேவை என்பது வழக்கிலுள்ள கணக்கு. 30 கிலோகிராம் எடையுள்ள எருமைக்கன்று முதலில் 3 லிட்டர் குடிக்க வேண்டும். நன்கு வளர்ந்து 45 கிலோகிராம் ஆனபோதும் 3 லிட்டர். 60 கிலோகிராம் ஆனபோதும் அதே 3 லிட்டர். ஆக, குடும்பத்தார் நினைவில் வைக்க வேண்டியது ஒரே எண். அளவுப் பாத்திரம் இல்லாத வீட்டிலும் இதனை நிறைவேற்றலாம். நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தரும் எருமையின் நான்கு காம்புகளில் பின்காம்பு ஒன்றை இரு வேளையும் கறவாமல் கன்றுக்கு விட்டுவிட்டால் கணக்கு ஏறத்தாழ நேராகும். கொழுப்புக்கான காசையும் பெரிதும் இழக்க வேண்டியதில்லை, மற்ற மூன்று காம்புகளையும் ஒட்டக் கறந்துகொள்வதால். கறவைக்குப்பின் கன்று சப்பிய மடியில் மடிவீக்க நோய் குறைவாக வருவதை வெப்பநாடுகளில் நடந்த சோதனைகள் பலவற்றில் கண்டிருக்கின்றனர்.

மூன்று திங்களுக்கு 270 லிட்டர் பால் என்பது ஏழைக் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. அதனை இழப்பென்று அவர்கள் கருதினால் அக்கருத்தை இகழ்வதற்கில்லை. எதிர்ப்பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியது கிடாரியின் முதல் ஈற்று. இளமையில் வயிறு காய்ந்த கிடாரி பருவமடைய நெடுங்காலம் எடுக்கின்றது. மூன்றரை ஆண்டில் ஈன வேண்டிய எருமை நாலரை ஆண்டில் ஈனுமாயின், அந்த ஓராண்டுத் தீவனமும், கைக்கு வராத ஓர் ஈற்றின் பாலும் 270 லிட்டரைப் போலப் பல மடங்கு.

பால் மறக்கச் செய்யும் வேளை இவற்றின்பின் தானாகவே கனிந்து வருகின்றது. பிறந்த கன்றின் நான்கு இரைப்பைகளுள் பெரியது நான்காவதே. முதல் இரைப்பை சுருங்கிய சிறு பையாகக் கிடக்கின்றது. இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு கைப்பிடி தீவனமும் இளம்புல்லும் வாயில் படுமானால், அவை அப்பையில் நொதித்து உண்டாகும் அமிலங்களே அதன் உட்சுவரை வளர்க்கின்றன. நாள்தோறும் அரை முதல் முக்கால் கிலோகிராம் வரை தீவனத்தைக் கன்று தொடர்ந்து தின்னும் நிலை வந்துவிட்டால், ஒரு வேளை ஊட்டை நிறுத்தி, பத்து நாள் கழித்து மறு வேளையையும் நிறுத்தலாம். பால் இறங்கச் சப்பும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் கன்று தாயிடம் வந்துபோகட்டும். அதனை ஒழித்தே தீர வேண்டும் என்று எந்த விஞ்ஞானமும் கட்டளையிடவில்லை. கன்றின் மூக்கில் முள்வளையம் பூட்டித் தாயே உதைத்துத் தள்ளும்படி செய்வது சில இடங்களில் உண்டு. தீவனம் பழகிய கன்றுக்கு அது தேவையில்லை. பழகாத கன்றுக்கு அது கொடுமை.

இவற்றை யாரிடம் சொல்வது என்பது சிறிய கேள்வியன்று. கால்நடைக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்பவர் ஆண்கள். எருமையை வாங்குவதும் விற்பதும் அவர்கள் முடிவு. ஆனால் கயிற்றைப் பற்றி இழுக்கும் கை, இன்னும் நாலு வாய் குடிக்கட்டும் என்று பொறுக்கும் கை, பெரும்பாலும் பெண்களுடையது. காம்பொன்றைக் கன்றுக்கு விடுவதென்னும் முடிவு விடியற்காலையில் வாளியருகே எடுக்கப்படுகின்றது. பஞ்சாயத்துக் கட்டடத்தில் அன்று. பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டிய கூட்டத்தில் கேட்டதைக் கணவர் வீட்டில் போய்ச் சொல்வார் என்று நம்பி அமைத்த விரிவாக்கப் பணி எவ்வளவு பலன் தரும்? பெண் பணியாளர் இல்லாத வட்டங்களில் இக்குறை இன்னும் மிகுதி.

கன்றுகளின் மற்றொரு காவலர் பிள்ளைகள். தாயெருமைகளை மேய்க்கப் பெரியவர்கள் வேண்டும்; கன்றுகளைப் பிரித்து வேறு திசையில் மேய்க்கவும், தாயிடம் ஓடாமல் மறிக்கவும் எட்டு வயதுப் பிள்ளை போதும். பால் மறக்கச் செய்யும் வாரங்களில் இந்த வேலை பெருகுவதும், பள்ளி வருகைப் பதிவேட்டில் அதே வாரங்களில் வெற்றிடம் விழுவதும் மேய்ச்சல் வட்டாரத்து ஆசிரியர்கள் கண்டறிந்தவையே. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தைக் காட்டிப் பெற்றோரைக் கடிந்துகொள்வது எளிது. கன்றுக்கு இரண்டு கஜம் நீளமுள்ள கயிறும் நிழலும் வீட்டருகே அறுத்துப்போட்ட புல்லும் இருந்தால் அந்தப் பிள்ளை தேவைப்படுவதில்லை என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் சேர்ந்து சென்று காட்டினால் பயன் மிகும். இரு துறையினரும் ஒரே வீட்டுக்கு ஒரே நாளில் செல்வது ஏனோ அரிதாகவே நிகழ்கின்றது.

பள்ளிக்குள் வந்துவிட்ட பிள்ளையின் அறிவையும் ஆசிரியர் பயன்படுத்தலாம். தராசில்லாமல் கன்றின் எடையைக் கணிக்க ஒரு சூத்திரம் உண்டு. முன்கால்களுக்குப் பின்னே மார்பின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, தோள்முனை முதல் பிட்டமுனை வரையுள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோகிராமில் எடை ஏறத்தாழக் கிடைக்கும். மார்பு 32 அங்குலம், நீளம் 26 அங்குலம் எனில் எடை 40 கிலோகிராம். அதில் பத்தில் ஒரு பங்கு 4 லிட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கடினமான கணக்கன்று. அன்று மாலை தன் வீட்டுக் கன்றை நாடாவால் அளந்து, நமது கன்றுக்கு நாலு லிட்டர் வேண்டுமாம் என்று தாயிடம் சொல்லும் பிள்ளை, துண்டு வெளியீடுகள் நூறு செய்யாத வேலையைச் செய்யும்.

இன்னொரு செய்தி உடனே திருத்தத்தக்கது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய விலங்கு நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி நான்கு திங்கள் நிறைந்த கன்றுகளுக்குக் கோமாரித் தடுப்பூசியும், நான்கு முதல் எட்டுத் திங்கள் வரையுள்ள கிடாரிகளுக்குக் கருச்சிதைவு நோய்க்கான புரூசெல்லாத் தடுப்பூசியும் போட வேண்டும். பின்னது வாழ்நாளில் ஒருமுறை போடுவது; அந்த வயதைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். பால் மறந்த கன்று வீட்டுக் கட்டுத்தறியை விட்டு மந்தையோடு மேய்ச்சலுக்குப் புறப்படும் வயதும் அதுவே. தடுப்பூசிக் குழு காலைச் சிற்றுண்டி முடித்துப் பத்து மணிக்குப் புறப்பட்டுப் பதினொன்றுக்குக் குடியிருப்பை அடையுமானால், தொழுவத்தில் கைக்கு எட்டுபவை பால்குடி மாறாத குழந்தைக் கன்றுகளும் கிழட்டு மாடுகளுமாகவே இருக்கும். பன்னி போன்ற இடங்களில் மந்தை வீட்டில் நிற்பது விடியலில் கறவை நடக்கும் நேரத்தில். மற்ற இடங்களில் மேய்ச்சலுக்கு அவிழ்க்குமுன். பனிப்பெட்டியோடு முந்திய இரவே சென்று தங்குவதற்குக் குழுவினருக்குப் படியும் ஊர்தியும் அனுமதிக்க மாவட்ட அலுவலகங்கள் ஏற்பாடு செய்தல் வேண்டும். பயணப்படி விதிகளில் இதற்கு இடமில்லையெனில், திருத்த வேண்டியவை அவ்விதிகளே.